விடுமுறை வேதாகமப் பள்ளி: பத்து நாளின் பயன்



பள்ளிக்கூடம் அடைத்துவிட்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெற்றோருக்குத் திண்டாட்டம். இதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து, பிரட்டுக்கு ஓடி, பால் வெட்டி, பால் எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப நண்பகல் கடந்துவிடும். பள்ளி நடக்கும் நாள்களில் அந்த நேரம் முழுவதும் பிள்ளை ஆசிரியரின் கண் பார்வையில் இருக்கிறது. விடுமுறையில் யாருடைய கண் பார்வையில் இருக்கிறது? ஆற்றங்கரையிலா, குளத்து மேட்டிலா, தார்ச் சாலை ஓரத்திலா? மரத்தடியில் நின்று கோடு கீறும் தாயின் கை வேலையில் இருக்கும். மனம் வீட்டில் இருக்கும்.

காலம் மாறிவிட்டது என்பதும் உண்மைதான். பால் மரங்கள் நின்ற இடங்களில் பெரும்பாலும் செம்பனை வந்துவிட்டது. லயத்து வீடுகளை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் ஏராளம். ஆனால் கேள்வி மாறவில்லை. தாய் தொழிற்சாலைக்கு வேலை முறைக்குப் போகிறாள். தகப்பன் லாரி ஓட்டப் போகிறான். பிள்ளை பூட்டிய வீட்டுக்குள் கைத்தொலைபேசியோடு உட்கார்ந்திருக்கிறது. அன்று ஆற்றங்கரையைப் பற்றிப் பயந்தோம். இன்று அந்தச் சிறு கண்ணாடித் திரையைப் பற்றிப் பயப்படுகிறோம். அவ்வளவுதான் வேறுபாடு.

இந்தக் கவலைக்கு மாதா கோயில்களும் தேவாலயங்களும் கண்ட ஒரு வழியைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறோம். விடுமுறை வேதாகமப் பள்ளி என்று அதற்குப் பெயர். அது எப்படித் தோன்றியது, அங்கே என்ன நடக்கிறது, பிள்ளைகளுக்கு அதனால் என்ன பயன், அதன் குறைகள் யாவை, பெற்றோர் எதைக் கவனித்துப் பிள்ளையை அனுப்ப வேண்டும் என்பவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் பழைய வரலாறு ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்து நாட்டிலே குளோஸ்டர் என்று ஒரு நகரம். இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பு அங்கே குண்டூசி செய்யும் தொழில் பெரிதாக நடந்தது. சின்னஞ் சிறு பிள்ளைகளும் வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போனார்கள். ஓய்வு கிடைத்த ஒரே நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று அவர்களைக் கவனிப்பார் இல்லாததால் தெருவெல்லாம் கூச்சலும் சண்டையுமாக இருந்தது. அந்நகரில் செய்தித்தாள் நடத்திவந்த இராபர்ட் ரெய்க்ஸ் என்பவர் இதைக் கண்டார். 1780ஆம் ஆண்டு, ஒரு பெண்மணியின் வீட்டில் அந்தப் பிள்ளைகளைக் கூட்டி எழுத்தும் வாசிப்பும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். வாசிப்புக்குப் பாடநூல் வேதாகமம். ஞாயிறு பள்ளி இயக்கம் பரவியது அதிலிருந்துதான். உழைப்பாளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக எழுத்தறிவு கொடுத்த இயக்கம் அது என்பதை நாம் மறக்கக் கூடாது. தோட்டத்துப் பிள்ளையின் நிலையும் அந்தக் குண்டூசிப் பிள்ளையின் நிலையும் வெகு தூரம் விலகியவை அல்ல.

ஞாயிறு பள்ளி வாரத்துக்கு ஒரு மணி நேரம். அதில் எவ்வளவுதான் சொல்லிக்கொடுக்க முடியும்? இந்தக் குறையை உணர்ந்தவர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஹோப்டேல் என்ற சிற்றூரில் இருந்த மைல்ஸ் அம்மையார். அவர் பள்ளி ஆசிரியையும்கூட. 1894ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் நாற்பது பிள்ளைகளைச் சேர்த்து, நான்கு வாரம் நாள்தோறும் வேதாகமப் பாடம் நடத்தினார். பாடம் நடந்தது ஊர்ப் பள்ளிக்கூடத்தில்; விளையாட்டு பக்கத்துப் பூங்காவில். விடுமுறையில் சும்மா கிடக்கும் கட்டடமும் சும்மா திரியும் பிள்ளையும் ஒன்று சேர்ந்தால் பள்ளி பிறந்துவிடும் என்று அவர் கண்டுகொண்டார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1898இல், நியூயார்க் நகரின் கிழக்குப் பகுதியில் இன்னொரு நிகழ்ச்சி. அது ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. கோடையில் பிள்ளைகள் முழுநாளும் தெருவில்தான் கிடப்பார்கள். எபிபனி பாப்டிஸ்ட் சபையில் சிறுவர் பகுதியைக் கவனித்துவந்த எலிசா ஹாஸ் அம்மையார் அவர்களுக்காக ஒரு பள்ளி தொடங்க விரும்பினார். வேறு வசதியான இடம் இல்லை. கடைசியில் பீர் விற்கும் மண்டபம் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். ஆம், நேயர்களே, மதுக்கடையிலேதான் வேதப் பள்ளி நடந்தது! பாட்டு, வேதக் கதை, மனப்பாடம், விளையாட்டு, படம் வரைதல், கைவேலை, சமையல் என்று நாள்தோறும் நிகழ்ச்சிகள். பிறகு ஒரு சமயம் பள்ளியைச் சபைக் கட்டடத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். தெருப் பிள்ளைகளின் வருகை குறைந்துவிட்டது. அம்மையார் மறுபடியும் பழைய இடத்துக்கே திரும்பினார். ஏழு ஆண்டுகள் அந்தப் பணியை அவர் செய்தார்.

இந்த முயற்சியைக் கண்ட இராபர்ட் போவில் என்ற போதகர் 1901ஆம் ஆண்டு முதல் மற்றச் சபைகளுக்கும் இதைப் பரப்பினார். இறையியல் கல்லூரி மாணவர்களே விடுமுறையில் ஆசிரியர்களாக வந்தார்கள். ஒரே கோடையில் ஐந்து பள்ளிகளில் ஆயிரம் பிள்ளைகள் சேர்ந்தனர். 1922ஆம் ஆண்டு இதற்கென உலகச் சங்கமும் அமைந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, இதற்கென எழுதிய பாடநூல்கள் அச்சாகி வெளிவந்தன. இன்று உலகின் பல நாடுகளில், பல மொழிகளில் இந்தப் பள்ளி நடக்கிறது.

இந்த வரலாற்றை நாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரெய்க்ஸ் நினைத்தது வேலைக்குப் போகும் பிள்ளையை. ஹாஸ் அம்மையார் நினைத்தது தெருவில் திரியும் பிள்ளையை. நன்றாக உடுத்தி, பெற்றோர் கை பிடித்து வரும் பிள்ளைக்காக மட்டும் இந்தப் பள்ளி பிறக்கவில்லை. கவனிக்க ஆளில்லாத பிள்ளையைத் தேடிப் பிறந்தது. பிள்ளை இருக்கும் இடத்துக்குப் பள்ளி போக வேண்டும். பள்ளி இருக்கும் இடத்துக்குப் பிள்ளை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இதுதான் அந்த மதுக்கடை மண்டபம் சொல்லும் பாடம்.

நம் நாட்டில் கோடை என்று தனியே ஒரு பருவம் இல்லை. தமிழ்நாட்டில் சித்திரை வைகாசி வெயிலில், ஏப்ரல் மே மாதங்களில், பள்ளிகள் மூடும்போது இது நடக்கிறது. நமக்கோ பள்ளி விடுமுறைதான் கணக்கு. மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிக்கன், கத்தோலிக்கர் எனத் தமிழ்ச் சபைகள் பலவும் தத்தம் வசதிக்கு ஏற்ப விடுமுறைகளில் சிறுவர் நிகழ்ச்சிகளை வைக்கின்றன. சில இடங்களில் பத்து நாள். சில இடங்களில் ஐந்து நாள். மூன்று நாளோடு முடித்துக்கொள்ளும் சபைகளும் உண்டு. தோட்டங்களில் கோயில் கட்டடம் இல்லாத இடத்தில் பள்ளிக்கூட மண்டபத்திலும், யாராவது ஒருவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டும் நடத்தியதை நாம் கண்டிருக்கிறோம்.

அங்கே என்னதான் நடக்கிறது? ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலை எட்டரை மணிக்குப் பிள்ளைகள் கூடுகிறார்கள். பெயர் எழுதி, வருகை பார்த்து, வரிசையில் உட்காருகிறார்கள். முதலில் பாட்டு. கையைத் தட்டி, காலை உதைத்து, குதித்துப் பாடும் பாட்டுகள். பிறகு சிறு செபம். அதன்பின் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கதை. கதை முடிந்ததும் வயதுவாரியாகப் பிரிகிறார்கள்: ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரு புறம், ஏழு முதல் ஒன்பது வரை ஒரு புறம், பத்து முதல் பன்னிரண்டு வரை ஒரு புறம், அதற்கு மேற்பட்ட வளர்ந்த பிள்ளைகள் ஒரு புறம். பத்தரை மணிக்கு மைலோவும் பிஸ்கட்டும், அல்லது ஒரு தட்டு மீகூன். பிறகு மனப்பாட வசனம், கைவேலை, விளையாட்டு. பன்னிரண்டு மணிக்கு வீடு. கடைசி நாளில் பெற்றோரை அழைத்து, கற்றவற்றைப் பிள்ளைகள் மேடையேறிக் காட்டுகிறார்கள்.

கேட்பதற்கு விளையாட்டுப் போல இருக்கிறது அல்லவா? இதில் என்ன பயன் என்று சிலர் கேட்கக்கூடும். பயன் ஒன்றல்ல, பல.

முதற்பயன் பாதுகாப்பு. தாயும் தகப்பனும் வேலையில் இருக்கும் நேரத்தில், பொறுப்புள்ள பெரியவர்களின் பார்வையில் பிள்ளை இருக்கிறது. அந்தப் பத்து நாளும் தாய் நிம்மதியாக வேலை செய்கிறாள். சமயத்தைப் பற்றிப் பேசுமுன் இதைச் சொல்ல வேண்டும்; ஏனெனில் உழைக்கும் குடும்பத்துக்கு இதுவே பெரிய உதவி.

இரண்டாவது பயன் கதை. முன்பெல்லாம் நம் வீடுகளில் பாட்டிமார் கதை சொன்னார்கள். இப்போது பாட்டி ஓர் ஊர், பேரன் ஓர் ஊர். வேதாகமத்துக் கதைகளோ ஏழை எளிய மக்களின் வாழ்க்கையோடு ஒட்டியவை. சகோதரர்களே விற்றுவிட, அறியாத தேசத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே உழைத்து உயர்ந்த யோசேப்பு. கணவனை இழந்து, மாமியாரோடு அயல் நாட்டுக்கு வந்து, பிறர் வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கிப் பிழைத்த ரூத். ஐந்து வாற்கோதுமை அப்பத்தையும் இரண்டு மீனையும் கொண்டுவந்த பெயர் தெரியாத சிறுவன். வாற்கோதுமை அப்பம் ஏழையின் உணவு என்பதைச் சொன்னால் நம் பிள்ளைக்கு உடனே விளங்கும். கப்பலேறி வந்து காட்டை அழித்துத் தோட்டம் போட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் நாம். யோசேப்பின் கதையும் ரூத்தின் கதையும் நமக்கு அந்நியமானவை அல்ல. அடிபட்டுக் கிடந்தவனை வேறு இனத்தான் ஒருவன் தூக்கிச் சென்று காப்பாற்றிய நல்ல சமாரியன் கதையை, பல இன மக்கள் வாழும் இந்நாட்டில் எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

மூன்றாவது பயன் மொழி. நாட்டில் இன்றும் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. ஆயினும் பட்டணத்துக்குக் குடிபோன குடும்பங்களில் பல பிள்ளைகள் தேசியப் பள்ளிக்குப் போகின்றன. வீட்டில் தமிழ் பேசினாலும் அவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரிவதில்லை. பத்து நாள் தமிழில் கதை கேட்டு, தமிழில் பாடி, அட்டையில் எழுதிய தமிழ் வசனத்தை விரல் வைத்து வாசிக்கும் பிள்ளைக்கு எழுத்தின் மேல் ஆசை பிறக்கிறது. பத்து நாளில் எல்லா எழுத்தும் வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கூச்சம் போய்விடும். கூச்சம் போனால் பாதிப் பாடம் முடிந்தது.

இதிலே ஒரு சிக்கலும் உண்டு. நம் சபைகளில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் தமிழ் வேதாகமத்தின் நடை பழைய நடை. வடசொற்கள் மிகுதி. பெரியவர்களுக்குக் காதுக்குப் பழகிய இன்பம் அதில் உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்கோ அது கல்லைக் கடிப்பது போல. ஆகவே நல்ல ஆசிரியர் முதலில் கதையை வீட்டுத் தமிழில் சொல்லிவிடுவார். பிறகு வசனத்தை எடுத்து, கடினச் சொல் ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்லி, அதன் பின்னரே மனப்பாடம் செய்யச் சொல்லுவார். பொருள் தெரியாமல் ஒப்பித்த வசனம் பரிசு வாங்கியதும் மறந்துபோகும். பாட்டும் அப்படித்தான். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774 - 1864) போன்ற பெரியோர் இயற்றிய தமிழ்க் கிறிஸ்தவப் பாடல்கள் நமக்குப் பெரும் செல்வம். துள்ளிக் குதிக்கும் புதுப்பாட்டு நாலு பாடினால், அத்தகைய பழம்பாட்டு ஒன்றாவது கற்றுக்கொடுக்க வேண்டும்.

நான்காவது பயன் பழக்கம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது நம் பழமொழி. வரிசையில் நிற்பது, தன் முறை வரும்வரை காத்திருப்பது, கிடைத்த பிஸ்கட்டில் தம்பிக்கு ஒன்று எடுத்து வைப்பது, தோற்றாலும் சிரிப்பது, கத்தரிக்கோலை அடுத்தவன் கையில் பிடி முன்னாகக் கொடுப்பது ஆகியவற்றை யாரும் சொற்பொழிவு செய்து கற்பிக்க முடியாது. கூடி இருக்கும்போதுதான் அவை வரும். கைவேலைக்கு விலை கொடுத்துப் பொருள் வாங்கவும் வேண்டியதில்லை. கித்தாக் கொட்டை, தென்னங்குச்சி, பழைய நாள்காட்டித் தாள், தீப்பெட்டி இவை போதும்.

ஐந்தாவது பயனைப் பலர் கவனிப்பதில்லை. அது வளர்ந்த பிள்ளைகளுக்குக் கிடைப்பது. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் துணை ஆசிரியர்களாக வருகிறார்கள். நாலு பேர் முன் நின்று பேசத் தெரியாத பெண், பத்தாம் நாள் ஐம்பது சிறுவர்களை ஒரு கை அசைவில் உட்கார வைக்கிறாள். பள்ளியில் மதிப்பெண் குறைந்து, தன்னால் எதுவும் ஆகாது என்று நம்பிவிட்ட பையன், சிறு பிள்ளைகளுக்குக் காற்றாடி செய்து கொடுத்து அவர்களின் கதாநாயகன் ஆகிவிடுகிறான். கொடுக்கக் கொடுக்கத்தான் தன்னிடம் இருப்பது தெரியும்.

இனி, இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். தோட்டங்களில் எல்லாரும் கிறிஸ்தவர்கள் அல்லர், பெரும்பாலோர் இந்துக்கள். பாட்டுச் சத்தம் கேட்டால் எல்லாப் பிள்ளைகளும்தான் ஓடி வரும். விளையாட்டுக்கும் மைலோவுக்கும் சமயம் ஏது? ஆனால் பெற்றோர் மனத்தில், நம் பிள்ளையை மதம் மாற்றிவிடுவார்களோ என்ற ஐயம் எழுவது இயல்பு. அந்த ஐயத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. மலேசிய அரசியலமைப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தம்முடையதல்லாத சமயத்தின் போதனையைப் பெறும்படியோ அதன் சடங்கில் கலந்துகொள்ளும்படியோ யாரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் சமயத்தைத் தீர்மானிப்பவர் பெற்றோர் அல்லது காப்பாளர் என்றும் அதே பிரிவு கூறுகிறது. சட்டத்தைவிடப் பெரியது அண்டை அயலாரின் நம்பிக்கை. ஆகவே சபையார் முதலில் வீட்டுக்குப் போய், இன்ன பள்ளி, இன்ன பாடம், இதில் வேதக் கதையும் செபமும் உண்டு என்று ஒளிவு மறைவின்றிச் சொல்லிப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். வேண்டாம் என்று ஒரு தாய் சொன்னால், சரி அம்மா என்று வணங்கிவிட்டு வர வேண்டும். விளையாட்டுப் பொருளைக் காட்டிப் பிள்ளையை இழுப்பது நேர்மையாகாது. பிறருடைய சாமியை இழித்துப் பேசும் ஆசிரியர், தம் சாமியின் பெயரைத்தான் கெடுக்கிறார்.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. ஆரம்ப காலத்தில் நான்கு வாரம் நடந்தது. இன்று மூன்று நாளாகச் சுருங்கும்போது பாடம் குறைந்து கொண்டாட்டம் மட்டும் மிஞ்சும் ஆபத்து உண்டு. இத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று எண்ணிக்கை காட்டுவதில் சிலருக்கு ஆசை. பரிசுக்காகப் பிள்ளைகளைப் போட்டியில் விரட்டுவதும் உண்டு. எல்லாவற்றிலும் பெரிய குறை, பதினோராம் நாள் அந்தப் பிள்ளையை யாரும் நினைக்காமல் போவதுதான். நாற்றங்காலில் விதைத்துவிட்டு நடவுக்கு வராத உழவனைப் போன்றது அது.

நாமே செய்த தவறு ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு தோட்டத்தில் நடந்த விடுமுறைப் பள்ளியில் வாசலில் நின்று பெயர் எழுதும் பொறுப்பு நம்மிடம் இருந்தது. நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளைச் சேர்ப்பதில்லை என்பது விதி. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தைக்கு ஒன்றரை வயது இருக்கும். "நீ வரலாம் அம்மா, தம்பியை வீட்டில் விட்டுவிட்டு வா" என்றோம். அவள் ஒன்றும் பேசவில்லை. திரும்பிப் போய்விட்டாள். அன்று முழுவதும் மண்டபத்துக்கு வெளியே, வேலியோரத்தில், தம்பியை மாற்றி மாற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பாட்டைக் கேட்டுக்கொண்டே நின்றதை நாம் பார்த்தும் பார்க்காதவர் போல் இருந்துவிட்டோம்.

மூன்றாம் நாள் அவள் வரவில்லை. இடைவேளையில் அவள் வீட்டுக்குப் போனோம். தாய் பால்வெட்டுக்குப் போயிருந்தாள். சிறுமி அடுப்படியில் உட்கார்ந்து தம்பிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, வேலியோரத்தில் நின்று கேட்ட பாட்டை முழுவதும், ஓர் அடி பிசகாமல், அவனுக்குப் பாடிக்கொண்டிருந்தாள். உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த பல பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டு அதுவரை வரவில்லை.

நமக்கு வெட்கமாகிவிட்டது. கவனிக்க ஆளில்லாத பிள்ளைக்காகப் பிறந்த பள்ளியில், கவனிக்க ஆளில்லாத பிள்ளையையே வாசலில் தடுத்துவிட்டோம். மறுநாள் மண்டபத்தின் ஒரு மூலையில் சாக்கு விரித்து, துணிகட்டித் தொட்டில் போட்டு, சபை மூதாட்டிகள் இருவரை உட்கார வைத்தோம். அந்தச் சிறுமியைப் போல இன்னும் ஆறு பேர் தம்பி தங்கைகளோடு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் அத்தனை நாளும் எங்கே இருந்தார்கள் என்று நாம் யாரும் கேட்டிருக்கவில்லை. ஆகவே விடுமுறைப் பள்ளி நடத்தும் சபையார்க்கு நாம் சொல்வது இதுதான்: குழந்தையைப் பார்த்துக்கொள்ள இடம் வைத்த பிறகு பெயர் எழுதத் தொடங்குங்கள்.

இனிப் பெற்றோர்களுக்குச் சில வார்த்தை. பிள்ளையை அனுப்புமுன் நேரில் போய்ப் பாருங்கள். நடத்துபவர் யார், ஆசிரியர்கள் யார் யார், எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல சபையார் அதை வரவேற்பார்கள். பிள்ளை எந்தப் பெரியவரோடும் தனி அறையில் தனியே இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்களாவது உடன் இருக்க வேண்டும். வீடு திரும்பும்போது யார் அழைத்துப் போவது என்பதை முன்னதாகவே எழுதிக் கொடுங்கள். பிள்ளைக்கு ஒவ்வாத உணவோ, நோயோ இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சிறுவர்களைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்க 2017ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது. கோயில் வளாகம் என்றாலும் சரி, பள்ளி வளாகம் என்றாலும் சரி, அது எல்லா இடத்துக்கும் பொருந்தும். பிள்ளை ஏதேனும் சொல்லத் தயங்கினால் அமைதியாகக் கேளுங்கள், அடித்துக் கேட்காதீர்கள். ஆபத்து என்று தெரிந்தால் காவல் நிலையத்துக்கோ, 15999 என்ற அரசாங்கத் தொலைபேசி எண்ணுக்கோ சொல்லலாம்.

பிள்ளை வீடு திரும்பியதும் இன்னொரு வேலை உங்களுக்கு உண்டு. அது பெரிய வேலையல்ல. இரவு சோறு போடும்போது, "இன்றைக்கு என்ன கதை சொன்னார்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். சொல்லும்போதுதான் கதை மனத்தில் பதியும். யோசேப்பை விற்ற இடத்தைப் பிள்ளை சொல்லும்போது, உங்கள் தாத்தா கப்பலில் வந்த கதையை நீங்கள் சொல்லுங்கள். அந்தக் கதையைச் சொல்ல உங்களை விட்டால் வேறு ஆசிரியர் இல்லை. நம் குடும்பத்தின் வரலாறும் வேதத்தின் வரலாறும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசிக்கொள்ளட்டும்.

சபையார்க்கும் இறுதியாக ஒன்று. பத்து நாள் முடிந்ததும் வருகைப் புத்தகத்தை அலமாரியில் பூட்டி வைத்துவிடாதீர்கள். அந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டு, மாதத்துக்கு ஒரு தடவையாவது அந்த வீடுகளின் வாசலில் நில்லுங்கள். பள்ளிப் பாடத்தில் பின்தங்கிய பிள்ளைக்கு மாலையில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்குமா என்று பாருங்கள். தமிழ் எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு ஞாயிறு பள்ளியில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ரெய்க்ஸ் செய்தது அதைத்தானே?

நேயர்களே, பத்து நாளில் ஒரு பிள்ளையின் வாழ்வு முழுவதும் மாறிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு விடுமுறையில், தன் பெயரைச் சொல்லி அழைத்த ஒரு பெரியவர், தனக்கென்று ஓர் இடம், மனத்தில் தங்கிய ஒரு கதை, வாயில் தங்கிய ஒரு பாட்டு, இவ்வளவும் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைக்குமானால் அது சிறிய செல்வம் அல்ல. வேலியோரத்தில் நின்ற அந்தச் சிறுமி பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நாள் நம்மைக் கண்டு பேசினாள். பாலர் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருப்பதாகச் சொன்னாள். "தம்பி எப்படி இருக்கிறான்?" என்று கேட்டோம். "நல்லா இருக்கான் ஐயா. இன்னும் அந்தப் பாட்டு அவனுக்குத் தெரியும்," என்றாள்.

அடுத்த விடுமுறை வரப்போகிறது. உங்கள் வட்டாரத்தில் இத்தகைய பள்ளி உண்டா என்று விசாரியுங்கள். இருந்தால் போய்ப் பாருங்கள். மனத்துக்குப் பிடித்தால் பிள்ளையை அனுப்புங்கள். இல்லையென்றால், இரண்டு பேர் சேர்ந்து ஒரு பாயை விரித்துத் தொடங்குங்கள். பீர் மண்டபத்தில் தொடங்கிய வேலை, உங்கள் வீட்டு வாசலில் தொடங்க முடியாதா என்ன?